கறுப்பினக் கல்லூரிகளில் உதவித்தொகை: மதிப்பெண் பார்த்தா, வீட்டு நிலைமை பார்த்தா?

கார்த்தி_அட்லாண்டா

வணக்கம் நண்பர்களே. ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து வேண்டும். எங்கள் அலுவலகத் தமிழ் நண்பர்கள் குழு வழக்கமாக ஊரில் உள்ள பள்ளிகளுக்குப் பணம் அனுப்பும். இந்த வருடம் நாம் பிழைக்க வந்த ஊருக்கும் ஏதாவது செய்வோம் என்று பேச்சு எழுந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஒரு எச்பிசியு (HBCU) கல்லூரிக்கு வருடத்துக்கு 12,000 டாலர் உதவித்தொகையாகக் கொடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது.

எச்பிசியு பற்றித் தெரியாதவர்களுக்கு: 1964-க்கு முன்பே, கறுப்பின மக்களுக்குக் கல்வி கொடுப்பதையே முதன்மை நோக்கமாக வைத்துத் தொடங்கிய கல்லூரிகளை 1965-ஆம் வருட உயர்கல்விச் சட்டம் இப்படித் தனியாக வகைப்படுத்துகிறது. நாடு முழுக்க சுமார் நூறு இருக்கின்றன. கமலா ஹாரிஸ் படித்த ஹோவர்டு அதில் ஒன்று. இங்கே அட்லாண்டாவில் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன், கிளார்க் அட்லாண்டா மூன்றும் அடுத்தடுத்த வளாகங்களில் இருக்கின்றன.

பணம் யாருக்கு என்பதில்தான் தகராறு. பாதிப்பேர் 3.5 ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) வேண்டும், ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதில் சிறந்தவருக்கு மொத்தத்தையும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். மீதிப்பேர் வீட்டு வருமானம் பார்த்துப் பிரித்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். என் மனசு இரண்டாவது பக்கம். ஆனால் கூட்டத்தில் பேச எண்கள் வேண்டும். இந்தக் கல்லூரிகளோடு பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்_ராகவன்

கார்த்தி, நான் முதல் கட்சி. நம் பணம் உழைத்துச் சம்பாதித்தது. படிப்பில் அக்கறை உள்ள பிள்ளைக்குப் போனால்தான் அதற்குப் பலன். ஏழை மாணவர்களுக்கு அரசாங்கம் திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் தருகிறது, கடனும் தருகிறது. அதற்கு மேல் நாமும் வருமானத்தையே பார்த்தால் நன்றாகப் படிப்பவருக்கு என்ன ஊக்கம் கிடைக்கும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு ஒரு கறுப்பினக் கல்லூரிக்கு உதவித்தொகை வைப்பது சட்டச் சிக்கல் ஆகாதா? யாராவது தெளிவுபடுத்தினால் நல்லது.

மீனாட்சி_டி

தென் மாநிலம் ஒன்றில் இப்படிப்பட்ட கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ராகவன் சார் கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். எச்பிசியு எதுவும் இனம் பார்த்துச் சேர்ப்பதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மேற்கு வர்ஜீனியாவில் புளூஃபீல்ட் ஸ்டேட்டில் இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அதுவும் எச்பிசியுதான். "இந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கும், பணத் தேவை உள்ள மாணவர்" என்று நிபந்தனை வைத்தால் அதில் இனம் எங்கும் வரவில்லை. எங்கள் கல்லூரியில் நன்கொடையாளர்கள் எழுதிக் கொடுப்பது இப்படித்தான்.

அடுத்தது, அரசாங்கம் தருகிறதே என்ற கேள்வி. பெல் கிராண்டின் உச்சபட்சம் வருடத்துக்கு 7,395 டாலர். பெற்றோரைச் சார்ந்திருக்கும் முதலாம் ஆண்டு மாணவர் தன் பெயரில் எடுக்கக்கூடிய அரசுக் கடன் 5,500. இரண்டையும் கூட்டினால் 12,895. உள்ளூர் மாணவருக்கு அரசுக் கல்லூரி ஒன்றில் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 22,000 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9,105 டாலர் துண்டு விழுகிறது. ஹோவர்டு போன்ற தனியார் இடத்தில் கல்விக் கட்டணம் மட்டுமே 30,000-ஐத் தாண்டிவிடும். 1970-களில் பெல் உச்சத் தொகை அரசுக் கல்லூரிச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் தாங்கியது. இன்று மூன்றில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை.

அந்தத் துண்டை அடைக்கப் பெற்றோர் எடுப்பதுதான் பேரண்ட் பிளஸ் என்ற அரசுக் கடன். பெற்றோரின் கடன் வரலாறு சரியில்லை என்றால் அது மறுக்கப்படும். மறுத்தால் மாணவர் தன் பெயரில் கூடுதலாக 4,000 டாலர் எடுக்கலாம். அதனால் எங்கள் கவுன்ட்டரில் சில அம்மாக்கள், மறுப்பு வந்தது என்று சொன்னால் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்கள். கடன் மகன் பெயரில் ஏறினாலும் பரவாயில்லை, இந்த செமஸ்டர் தள்ளிவிடலாம் என்ற கணக்கு அது.

2011 கடைசியில் கல்வித் துறை இந்தக் கடனுக்கான விதியை இறுக்கியது. அடுத்த வருடமே எச்பிசியுக்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அப்புறம் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனால் போனவர்கள் போனதுதான். இப்போது 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வருகிறது. பெற்றோர் தலையில் பெருங்கடன் ஏறக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் கடனைக் குறைத்தால் அந்த இடத்தில் கிராண்ட் வர வேண்டுமே, அது எங்கே?

கார்த்தி, உங்கள் கூட்டத்தில் சொல்ல வேண்டியது இதுதான். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பில் தோற்று வெளியே போவதில்லை. கணக்கில் பாக்கி நின்று போகிறார்கள். செமஸ்டர் தொடங்கும்போது ஒரு தேதி வைப்பார்கள். அதற்குள் பாக்கியைக் கட்டாதவர் பதிவு செய்த எல்லா வகுப்புகளிலிருந்தும் பெயர் நீக்கப்படும். இதைப் பர்ஜ் என்று சொல்வோம். அதற்கு முந்தைய இரண்டு நாள் எங்கள் அலுவலகத்தில் வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி வெளியே நிற்கும். 800 டாலர், 1,400 டாலர், 2,000 டாலர். இந்த அளவுப் பாக்கிக்காக மூன்றாம் வருடம் முடித்த பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

செல்வமணி

மீனாட்சி அம்மா சொன்னது முழுக்க உண்மை. அலபாமாவில் ஒரு எச்பிசியுவில் கணிதம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கல்லூரிகளில் நம்மவர் நிறையப் பேர் பேராசிரியர்களாக இருக்கிறோம். ஆனால் இந்தப் பேச்சு நமக்குள் அதிகம் நடப்பதில்லை.

ராகவன், ஜிபிஏ பற்றி ஒரு வார்த்தை. என் கால்குலஸ் வகுப்பில் காலை எட்டு மணிக்கு ஒரு பையன் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்குவான். முதல் வரிசையில் ஏன் உட்கார்கிறாய் என்று கேட்டேன். பின்னால் உட்கார்ந்தால் நீங்கள் எழுப்ப மாட்டீர்கள் என்றான். இரவு பத்து முதல் காலை ஆறு வரை கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை, நேராக அங்கிருந்து வகுப்புக்கு. அவன் ஜிபிஏ 2.8. பக்கத்தில் 3.7 வாங்கிய பெண்ணுக்கு அப்பா பல் மருத்துவர், வேலைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. இருவரும் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் 3.5 என்று கோடு போட்டால் உங்கள் பணம் யாருக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பையனுக்கு இரவு வேலையைப் பாதியாகக் குறைக்கும் அளவுக்குப் பணம் கிடைத்திருந்தால் அவனும் 3.5 வாங்கியிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜார்ஜியாவில் ஏற்கெனவே மதிப்பெண் உதவித்தொகைக்குப் பஞ்சம் இல்லை. 1993-இல் லாட்டரிப் பணத்தில் தொடங்கிய ஹோப் திட்டம் 3.0 சராசரி வைத்திருப்பவருக்குத் தருகிறது. தொடக்கத்தில் அதற்கு வருமான வரம்பு இருந்தது, 1995-இல் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் அதே பணம்தான். வருமானம் பார்த்துத் தரும் பரவலான மாநிலத் திட்டம் என்று அங்கே நெடுங்காலம் எதுவுமே இல்லை. 2022-இல்தான் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு 2,500 டாலர் வரை தரும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆக, மதிப்பெண்ணுக்குக் கொடுக்க மாநிலமே இருக்கிறது. விட்டுப்போன இடத்தில் நீங்கள் கொடுங்கள்.

இன்னும் ஆழமாகப் போனால், இந்தப் பிள்ளைகளின் கட்டணப் பாக்கிக்குப் பின்னால் மாநிலங்களின் பாக்கி இருக்கிறது. 1862-இல் நிலக்கொடைக் கல்லூரிகளுக்கு, அதாவது மத்திய அரசு தந்த நிலத்தை விற்று மாநிலங்கள் நடத்தும் கல்லூரிகளுக்கு, ஒரு சட்டம் வந்தது. தென் மாநிலங்கள் அந்தப் பணத்தில் கட்டிய கல்லூரிகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. அதனால் 1890-இல் இரண்டாவது சட்டம் வந்து, சேருங்கள் அல்லது அவர்களுக்குத் தனியாகக் கல்லூரி வைத்து நியாயமாகப் பணம் பிரியுங்கள் என்றது. தனியாக வைத்தார்கள், நியாயமாகப் பிரிக்கவில்லை. 2023 செப்டம்பரில் கல்வித் துறைச் செயலர் கார்டோனாவும் விவசாயத் துறைச் செயலர் வில்சாக்கும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987 முதல் 2020 வரை மட்டும் இந்தக் கல்லூரிகளுக்கு வர வேண்டியதில் 1,200 கோடி டாலருக்கு மேல் வரவில்லை என்பது அதில் உள்ள கணக்கு. டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 210 கோடி.

கல்லூரியிடம் அறக்கட்டளைப் பணம் இருந்தால் அதன் வட்டியிலிருந்து ஏழை மாணவருக்குத் தள்ளுபடி கொடுக்கலாம். ஹார்வர்டிடம் 5,000 கோடி டாலருக்கு மேல் இருக்கிறது. எங்கள் கல்லூரி மாதிரி இடத்தில் ஒழுகும் கூரையைச் சரிசெய்யவே பணம் தேடணும். அங்கே படிப்பவர்களில் பெரும்பான்மை பெல் கிராண்ட் வாங்குபவர்கள். பணம் அதிகம் தேவைப்படும் பிள்ளைகள் பணமில்லாத கல்லூரியில் படிக்கிறார்கள். இதை மாற்ற 12,000 டாலர் போதாதுதான். ஆனால் எங்கே கொடுத்தால் ஒரு பிள்ளை பட்டம் வாங்கும் என்று பார்த்துக் கொடுக்கலாம்.

ஜெயா_மேரிலாந்து

எங்கள் மாநிலத்தில் இதற்காக வழக்கே நடந்தது. மோர்கன் ஸ்டேட், போவி ஸ்டேட், காப்பின் ஸ்டேட், ஈஸ்டர்ன் ஷோர் ஆகிய நான்கு எச்பிசியுக்களுக்காக 2006-இல் போட்ட வழக்கு. கடைசியில் 2021-இல் 57 கோடியே 70 லட்சம் டாலரைப் பத்து வருடத்தில் தருவதாகச் சட்டம் போட்டு முடித்தார்கள். முந்தைய வருடம் சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் ரத்து செய்திருந்தார், மறுபடி கொண்டுவந்துதான் நிறைவேறியது. அந்தப் பணத்தை உதவித்தொகைக்கும் செலவிடலாம். பதினைந்து வருடத்தில் எத்தனை பேட்ச் பிள்ளைகள் படிக்காமல் போயிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கார்த்தி தம்பி, நீங்கள் ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால் சில கல்லூரிகள் தாங்கள் கொடுப்பதாகச் சொன்ன கிராண்டை அந்த அளவுக்குக் குறைத்துவிடும். என் மகளின் தோழிக்கு இப்படி ஆனது. கோவில் மாதிரி அவர்கள் சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து 1,500 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் அவள் கணக்கைத் திறந்து பார்த்தால் கல்லூரி கிராண்டில் அதே 1,500 குறைந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரு டாலர் லாபம் இல்லை. மேரிலாந்தில் அரசுக் கல்லூரிகள் இப்படிச் செய்வதற்கு 2017-இல் தடை போட்டார்கள், நாட்டிலேயே முதல் மாநிலம். எல்லா இடத்திலும் தடை இல்லை. அதனால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டன்_ராகவன்

விவரங்களுக்கு நன்றி, குறிப்பாக அந்தக் கால்குலஸ் மாணவர் பற்றிச் சொன்னதற்கு. எங்கள் பக்கத்தில் பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் என்ற எச்பிசியு இருக்கிறது. 2020-இல் மெக்கென்சி ஸ்காட் என்ற பெரும் கொடையாளர் அதற்கு 5 கோடி டாலர் கொடுத்தார். அப்போது தலைவராக இருந்த ரூத் சிம்மன்ஸ் அதில் ஒரு கோடியை, கொரோனா நேரத்தில் பாக்கி நின்ற மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு என்று ஒதுக்கினார். மீனாட்சி அவர்கள் சொன்ன கணக்கோடு அது பொருந்துகிறது.

ஆனாலும் என் கவலை தீரவில்லை. அள்ளிக் கொடுத்தால் கல்லூரியும் சேர்ந்து விழும். அந்த டென்னசி ஸ்டேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களில் உதவித்தொகைச் செலவைப் பல மடங்கு ஏற்றினார்கள், மாணவர் எண்ணிக்கையும் ஏறியது. நிரந்தரமான வருமானம் பின்னால் இல்லை. மாநிலத் தணிக்கை கேள்வி கேட்டது, 2024-இல் பெரிய நிதி நெருக்கடி. நம் பணத்துக்கு நிபந்தனை வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

செல்வமணி

நிபந்தனை வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? டென்னசி ஸ்டேட் விஷயத்தில் நீங்கள் சொன்ன தணிக்கையும் உண்மை, நான் சொன்ன 210 கோடியும் உண்மை. வர வேண்டியது வராத கல்லூரி, கையில் இல்லாத பணத்தை நம்பி வாக்குக் கொடுத்தது. அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு மாணவருக்கு முதல் வருடம் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் கைவிடுவது பெரிய கொடுமை. சேர்ந்து, கடன் வாங்கி, நடுவில் நிற்பவருக்குப் பட்டமும் இல்லை, கடன் மட்டும் இருக்கும்.

2019-இல் மோர்ஹவுஸ் பட்டமளிப்பு விழாவில் ராபர்ட் ஸ்மித் என்ற தொழிலதிபர், அந்த வருடம் பட்டம் வாங்கும் எல்லோருடைய கடனையும் அடைப்பேன் என்று மேடையிலேயே அறிவித்தார். ஏறக்குறைய 400 பேர், 3 கோடியே 40 லட்சம் டாலர். எனக்கு அன்று கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அதே பேட்சில் சேர்ந்து, பணம் இல்லாமல் முன்பே போய்விட்ட பையன்கள் அந்த மைதானத்தில் இல்லை. அவர்களுக்குச் சேர வேண்டிய பணம் அதற்கு முன்பே தேவைப்பட்டது.

நிபந்தனை வேண்டும் என்றால் பால் குவின் கல்லூரியைப் பாருங்கள், உங்கள் டெக்சாஸில் டாலஸில்தான் இருக்கிறது. கால்பந்து அணியைக் கலைத்து மைதானத்தைக் காய்கறிப் பண்ணையாக்கினார்கள். வளாகத்தில் தங்கும் மாணவர்கள் எல்லோரும் வேலை பார்க்க வேண்டும், அதற்கு ஈடாகக் கட்டணம் குறையும். வேலை நேரத்தைப் படிப்புக்கு ஏற்ற மாதிரி கல்லூரியே அமைக்கிறது. கிடங்கு முதலாளி அப்படி அமைக்க மாட்டான்.

திருச்சி_நிவேதா

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நான் இங்கே இளங்கலை கடைசி வருடம். ஹோவர்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசை. இந்தத் தேவை அடிப்படை உதவி எங்களுக்குக் கிடைக்குமா அக்கா?

மீனாட்சி_டி

நிவேதா, மாணவர் விசாவில் வருபவர்களுக்கு பெல் கிராண்டும் அமெரிக்க அரசுக் கடனும் கிடையாது. மேற்படிப்பு என்றால் துறையிலேயே ஆய்வு உதவியாளர், பயிற்றுநர் பணி கேட்டு எழுதுங்கள், அதில் கட்டண விலக்கு வரும் இடங்கள் உண்டு. தனி இழையாகப் போடு, நிறையப் பேர் பதில் சொல்வார்கள்.

ராகவன் சார், நிபந்தனை பற்றி. அரசு உதவி வாங்கும் எல்லோரும் ஏற்கெனவே ஒரு நிபந்தனைக்குள்தான் இருக்கிறார்கள். பொதுவாக 2.0 ஜிபிஏ, எடுத்த பாடங்களில் மூன்றில் இரண்டு பங்கு முடித்திருக்க வேண்டும். தவறினால் உதவி நிற்கும். அதையே உங்கள் நிபந்தனையாக வையுங்கள், போதும். கட்டுரை கேட்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். இரவு வேலை பார்க்கும் பிள்ளைக்குக் கட்டுரை எழுத நேரம் எங்கே? வறுமையை யார் உருக்கமாக எழுதுகிறார் என்று போட்டி வைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அரசு உதவிக்காக மாணவர்கள் நிரப்பும் ஃபாஃப்சா படிவத்தில் வீட்டு வருமானம் எல்லாம் எங்களிடம் வந்துவிடுகிறது. பாக்கி எவ்வளவு என்பதும் திரையிலேயே தெரியும். நாங்களே பொருத்தமானவரை எடுத்துக் கொடுப்போம்.

அந்தப் படிவமே ஒரு தடைதான், அதையும் சொல்லணும். படிவம் போட்டவர்களில் சிலரைச் சரிபார்ப்புக்கு என்று எடுப்பார்கள். வரிக் கணக்கு, வீட்டில் எத்தனை பேர், எல்லாவற்றுக்கும் ஆவணம் கேட்போம். பாட்டி வளர்த்த பிள்ளை, அப்பா எங்கே என்று தெரியாத பிள்ளை, இவர்கள்தான் அதில் மாட்டிக்கொள்வார்கள். 2024-25 கல்வியாண்டுக்கான புதிய படிவம் வழக்கமான அக்டோபருக்குப் பதில் டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. அந்த வசந்தகாலம் முழுக்க எங்களால் எந்தப் பிள்ளைக்கும் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல முடியவில்லை. அதனால் சரிபார்ப்பு முடியாதவரையும் பரிசீலிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் புண்ணியமாகப் போகும்.

கார்த்தி_அட்லாண்டா

எல்லோருக்கும் நன்றி. கூட்டத்தில் வைக்கப்போகும் யோசனை இது: ஒருவருக்கு மொத்தமாக 12,000 கொடுக்காமல், மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஆளுக்கு 2,000 வரை, பாக்கியைப் பொறுத்து. அரசு உதவிக்கான அதே படிப்பு நிபந்தனை. கல்லூரி தன் கிராண்டைக் குறைக்காது என்று எழுத்தில் உறுதி. கட்டுரை இல்லை. எந்தக் கல்லூரிக்குக் கொடுத்தாலும் மூன்று வருடமாவது தொடர்ந்து கொடுப்போம் என்று நாமும் எழுதிக் கொடுப்பது. ராகவன் அண்ணே, இதில் உங்களுக்கு எதாவது உறுத்துகிறதா?

ஹூஸ்டன்_ராகவன்

பாக்கி அடைத்தவர்களில் எத்தனை பேர் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்தார்கள் என்று வருடத்துக்கு ஒரு முறை கல்லூரி சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அது இருந்தால் எங்கள் ஹூஸ்டன் குழுவையும் கேட்கிறேன். நாங்கள் தரும் நன்கொடைக்குச் சமமாக எங்கள் கம்பெனி தானும் போடும், அது இதற்கு ஒத்து வருமா?

மீனாட்சி_டி

எண்ணிக்கை தாராளமாகக் கொடுப்பார்கள், கேட்காமல் விட்டால்தான் தர மாட்டார்கள். கம்பெனி பங்கு வேண்டும் என்றால் பணத்தை மாணவர் பெயரிலோ குழுவின் வங்கிக் கணக்கிலோ கொடுக்காதீர்கள். கல்லூரியின் அறக்கட்டளைக்கு, நோக்கத்தைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். வரிவிலக்கும் அப்போதுதான் கிடைக்கும். கம்பெனிப் பணம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், அதனால் உங்கள் பங்கை முதலில் அனுப்புங்கள். பெரும்பாலான இடங்களில் ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிவிடும். ஜூலைக்குள் பணம் அறக்கட்டளைக்கு வந்தால் பர்ஜ் தேதிக்கு முன் மாணவர் கணக்கில் ஏற்ற முடியும். எந்தக் கல்லூரி என்று முடிவானதும் எனக்குத் தனிமடல் போடுங்கள், அங்கே யாரிடம் பேச வேண்டும் என்று விசாரித்துச் சொல்கிறேன்.